செஸ்தோஸ் நகரின் வெண்கலக் காசு: மேனாஸ் கல்வெட்டை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கி.மு. 133ஐ அடுத்து வந்த ஆண்டுகளில், ஹெல்லஸ்பாண்ட் (இன்றைய தார்தனெல்ஸ்) நீரிணையின் ஐரோப்பியக் கரையில் இருந்த செஸ்தோஸ் என்னும் கிரேக்க நகரம், மேனேஸின் மகன் மேனாஸ் என்ற தன் குடிமகனைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றி, அதைக் கல்லில் வெட்டி நிறுத்தியது. நூறு வரிகளைத் தாண்டும் அந்தக் கல்வெட்டு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூது சென்றது, பூசகராக இருந்தது, உடற்பயிற்சிக்கூடத்தின் தலைமையை ஏற்றது என்று மேனாஸின் பணிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் அதன் நடுப்பகுதியில், வெண்கலக் காசைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. பண்டைய கிரேக்க நாணயவியலைப் படிப்பவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் வரிகள் அவை. ஏனென்றால், ஒரு நகரம் எதற்காகச் சொந்தக் காசு அடிக்கிறது என்ற கேள்விக்கு அந்த நகரமே தன் காரணத்தை எழுதிவைத்த இடம் அதுபோல் தெளிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

அவ்வரிகள் சொல்லும் செய்தி இது. தமக்கென்று சொந்தமாக ஒரு வெண்கலக் காசைப் பயன்படுத்துவது என்று மக்கள் முடிவுசெய்தார்கள். நகரத்தின் முத்திரை நடப்பில் செல்ல வேண்டும் என்பது ஒரு நோக்கம். அப்படிப்பட்ட வருவாயிலிருந்து மிஞ்சும் ஆதாயத்தை மக்களே பெற வேண்டும் என்பது மற்றொன்று. இந்தப் பொறுப்பைப் பக்தியோடும் நேர்மையோடும் காக்கக்கூடியவர்களைத் தேடி நியமித்தார்கள். மேனாஸ், தன்னுடன் நியமிக்கப்பட்ட இன்னொருவருடன் சேர்ந்து, அதற்குரிய அக்கறையைக் காட்டினார். இவ்விருவரின் நேர்மையாலும் ஊக்கத்தாலும் மக்கள் இன்று தம் சொந்தக் காசைப் பயன்படுத்திவருகிறார்கள்.

இந்தக் கூற்றைச் சுற்றி நூறாண்டுக்கு மேலாக வாதம் நடந்துவருகிறது. நகரத்தின் தன்மானமும் அரசியல் அடையாளமும்தான் முதற்காரணம் என்று ஒரு சாரார் முதல் நோக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாணயத்துக்கும் இறையாண்மைக்கும் நாம் நினைக்கும் அளவு உறவு கிடையாது, காசு அடித்தது பணத்தேவைக்காகவும் வருவாய்க்காகவுமே என்று மற்றொரு சாரார் இரண்டாம் நோக்கத்தை முன்னிறுத்துகிறார்கள். இந்த ஆய்வு எடுக்கும் நிலைப்பாடு வேறு. கல்வெட்டு சொல்லும் இரண்டு நோக்கங்களும் ஒரே இயக்கத்தின் இரு பாகங்கள். ஒன்று நடக்காமல் மற்றொன்று நடக்காது. அவ்விரண்டையும் இணைக்கும் அச்சாணியாக இருப்பது, வாதங்களில் பெரும்பாலும் புறக்கணிக்கப்படும் மூன்றாவது கூற்று: காசைக் கையாண்டவர்கள் மேல் மக்கள் வைத்த நம்பிக்கை. இதை நிறுவுவதற்கு, செஸ்தோஸின் நிலைமையையும், வெண்கலக் காசின் கணக்கையும், அதே சிக்கலைச் சந்தித்த வேறு சில கிரேக்க நகரங்களின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நகரமும் அதன் நெருக்கடியும்

செஸ்தோஸ் சிறிய நகரம். ஆனால் அது அமர்ந்திருந்த இடம் பெரியது. இன்றைய தார்தனெல்ஸ் நீரிணை மிகவும் குறுகும் பகுதியில், ஆசியக் கரையின் அபிதோஸுக்கு எதிரே, கல்லிப்போலி தீபகற்பத்தின் மேல் அது இருந்தது. கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்செஸ் படகுப் பாலம் அமைத்துப் படையைக் கடத்தியது இந்த வட்டாரத்தில்தான். அந்தப் படை தோற்றுத் திரும்பியபின் ஏதெனியர்கள் முற்றுகையிட்டுப் பிடித்ததும் இந்த நகரத்தைத்தான். கி.மு. 334இல் அலெக்சாண்டரின் படையின் பெரும்பகுதியை அவருடைய தளபதி பார்மேனியோன் இங்கிருந்தே அபிதோஸுக்குக் கொண்டுசென்றார். கருங்கடல் பகுதியிலிருந்து ஏதென்ஸுக்குப் போன தானியக் கப்பல்கள் எல்லாம் இந்த வாயில் வழியாகத்தான் போயாக வேண்டும். செஸ்தோஸை, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குத் தானியம் பரப்பி விற்கும் பலகை என்று ஒரு பேச்சாளர் வருணித்ததை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார். நீரோட்டத்தின் போக்கால் செஸ்தோஸிலிருந்து கடப்பது எளிது என்றும், அதனால் அந்நகரத்துக்கு நீரிணையின் மேல் ஒரு பிடி இருந்தது என்றும் புவியியலாளர் ஸ்த்ராபோ விளக்குகிறார்.

கி.மு. 188இல் ரோமானியர் செலூசிட் மன்னருடன் செய்த அபாமேயா உடன்படிக்கைக்குப் பிறகு, இந்தத் தீபகற்பம் ஆசியா மைனரின் பெர்காமோனை ஆண்ட அத்தாலித் அரசர்களின் கைக்குப் போனது. மேனாஸ் அந்த அரசர்களிடம் தூது சென்றவர். தீபகற்பத்துக்கும் திரேசியப் பகுதிகளுக்கும் அரசர் நியமித்த தளபதி ஸ்த்ராத்தோன் அவருக்கு நற்சான்று அளித்ததைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. மன்னர் அத்தாலோஸுக்குரிய வழிபாட்டின் பூசகர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கி.மு. 133இல் மூன்றாம் அத்தாலோஸ் வாரிசின்றி இறந்து, தன் அரசை ரோமானியருக்கு எழுதிவைத்தபோது, நூற்றைம்பது ஆண்டு வயதுடைய ஓர் ஆட்சியமைப்பு ஒரே நாளில் கலைந்தது. அரியணைக்கு உரிமை கோரி அரிஸ்தோனிக்கோஸ் தொடங்கிய போர் ஆசியக் கரையில் எரிந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பியக் கரையில் திரேசியர்களின் கொள்ளைப் படையெடுப்புகள் நடந்தன.

இந்த ஆண்டுகளின் துயரத்தைக் கல்வெட்டு மறைக்கவில்லை. வயலில் இருந்ததெல்லாம் வாரிக்கொண்டு போகப்பட்டது. நிலத்தின் பெரும்பகுதி விதைக்கப்படாமல் கிடந்தது. அதற்கு மேல் விளைச்சலும் பொய்த்து, நகரமும் தனித்தனிக் குடும்பங்களும் வறுமையில் விழுந்தன. மேனாஸும் அந்தப் பலருள் ஒருவராகத் துன்பப்பட்டார். பாராட்டுத் தீர்மானங்களின் மொழி பொதுவாக அலங்காரமானது. இப்படி வெளிப்படையாகப் பஞ்சத்தை எழுதுவது அதில் அபூர்வம். வெண்கலக் காசு பற்றிய வரிகள் இந்த வறுமைச் சித்திரிப்புக்குச் சற்று முன்னால்தான் வருகின்றன. ஆகவே, அந்தக் காசு செழிப்பான நகரம் ஒன்று தன் பெருமையைப் பறைசாற்ற அடித்தது என்று படிப்பதற்குக் கல்வெட்டின் மற்ற பகுதிகள் இடம்கொடுப்பதில்லை.

செஸ்தோஸ் வெண்கலம் அடித்தது இதுவே முதல்முறை என்று நினைத்துவிடவும் கூடாது. முந்தைய நூற்றாண்டுகளிலேயே அந்நகரம் சிறு வெண்கலக் காசுகளை வெளியிட்டிருந்தது. அவற்றில் பெண் தலை ஒன்றும், கையில் தானியக் கதிர் ஏந்தி அமர்ந்திருக்கும் தெமெத்தெர் தேவியும், வணிகத்துக்கும் பயணத்துக்கும் உரிய ஹெர்மெஸின் உருவமும் காணப்படுகின்றன. நகரத்தின் பெயர் முதல் எழுத்துகளாகச் சுருக்கி எழுதப்பட்டிருக்கிறது. தானியம் கடந்துபோகும் துறைமுகத்துக்குத் தெமெத்தெரும் ஹெர்மெஸும் எவ்வளவு பொருத்தமானவர்கள் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நகரத்தின் முத்திரை என்று தீர்மானம் சொல்வது, இப்படிப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர்க் காசு என்று அடையாளம் காட்டும் சின்னத்தை.

வெள்ளியின் இடைவெளி

ஏன் வெண்கலம்? வெள்ளி ஏன் இல்லை? இதற்குப் பதில், வெள்ளிக் காசால் செய்ய முடியாத வேலை எது என்பதில் இருக்கிறது.

ஏதென்ஸின் அளவையில் ஒரு திராக்மா சுமார் 4.3 கிராம் வெள்ளி. அதில் ஆறில் ஒரு பங்கு ஒபோல், எடை 0.72 கிராம். ஒபோலில் எட்டில் ஒரு பங்கு வெள்ளியிலேயே வேண்டுமென்றால் அந்தக் காசு 0.09 கிராம்தான் இருக்கும். இவ்வளவு சிறிய வெள்ளித் துணுக்குகளைக் கிரேக்கர்கள் உண்மையாகவே அடித்தார்கள். அவற்றை எண்ணுவதும் வைத்துக்கொள்வதும் பெரும்பாடு என்பதால், சந்தைக்குப் போகிறவர்கள் சில்லறையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு போவது வழக்கமாயிற்று. கி.மு. 422இல் ஏதென்ஸில் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், மீன் சந்தையில் சில்லறை மாற்றியவர் தன் கையில் வைத்தது மீன் செதில் என்று தெரியாமல் அதை ஒபோல் என்று நம்பி வாயில் போட்டுக்கொண்டதாக ஒரு பாத்திரம் புலம்புகிறது. அன்றாட வாழ்வின் அலுப்பை இதைவிடக் கூர்மையாக எந்தப் புள்ளிவிவரமும் காட்டிவிடாது.

தெற்கு இத்தாலியிலும் சிசிலியிலும் இருந்த கிரேக்க நகரங்கள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே இதற்கு வெண்கலத்தை விடையாகக் கண்டன. ஏதென்ஸ் நீண்ட காலம் தயங்கியது. பெலொப்பொன்னேசியப் போரின் கடைசி ஆண்டுகளில் வெள்ளி தீர்ந்துபோய், செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய காசுகளை அவசரத்துக்கு அடித்து, பிறகு அவற்றைச் செல்லாததாக்கிய கசப்பான அனுபவம் அந்தத் தயக்கத்தை வலுப்படுத்தியிருக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு மேல் அங்கும் வெண்கலம் நிலைத்துவிட்டது. அலெக்சாண்டருக்குப் பிந்தைய ஹெலனிய காலத்தில், சொந்தமாக வெள்ளி அடிக்க வழியோ தேவையோ இல்லாத நூற்றுக்கணக்கான சிறு நகரங்கள் வெண்கலம் மட்டும் அடித்து வாழ்ந்தன.

பெரிய வெள்ளிக் காசு அந்தக் காலத்தில் வட்டாரப் பொதுப்பொருளாகிவிட்டது. அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து திரேசை ஆண்ட லிசிமாக்கோஸ் மன்னன் கி.மு. 281இல் போரில் மாண்டபின்னும், அவன் பெயரிலும் உருவமைப்பிலும் நான்கு திராக்மா நாணயங்களைப் பைசாந்தியம் முதலிய நகரங்கள் தலைமுறை தலைமுறையாக அடித்துவந்தன. நீரிணையைக் கடந்த வணிகர் எவரும் அவற்றை மறுக்கவில்லை. படைவீரரின் சம்பளம், கப்பல் சரக்கின் விலை, அரசுக்குக் கட்டும் திறை ஆகியவற்றுக்கு அந்த வெள்ளி போதும். ரொட்டியும் வெங்காயமும் வாங்கும் கைக்கு அது உதவாது. அந்தக் கையில் சில்லறையாக அதுவரை பக்கத்து நகரங்களின் வெண்கலமும், அரசர்களின் பழைய வெண்கலமும் புழங்கியிருந்தால், அவற்றை அடித்ததன் ஆதாயம் அவற்றை அடித்தவர்களுக்குத்தான் போயிருக்கும். செஸ்தோஸின் மக்கள் சபை தன் முடிவில் “சொந்த” என்ற சொல்லை அழுத்திச் சொல்வதற்குப் பொருள் இந்த இடத்தில் விளங்குகிறது.

ஆதாயத்தின் கணக்கு

வெள்ளிக் காசின் மதிப்பு ஏறத்தாழ அதிலுள்ள வெள்ளியின் மதிப்பே. அடிகூலியும் சிறு கழிவும் போக அதில் நகரத்துக்கு மிஞ்சுவது குறைவு. வெண்கலத்தில் நிலைமை தலைகீழ். ஏதென்ஸின் கணக்கில் கல்கூஸ் என்ற வெண்கலக் காசு ஒபோலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.09 கிராம் வெள்ளிக்குச் சமம். எடைக்கு எடை வெள்ளி வெண்கலத்தைவிட நூறு மடங்கு விலையுடையது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், உலோக மதிப்பின்படி அந்தக் காசில் 9 கிராம் வெண்கலம் இருக்க வேண்டும். 2 கிராமில் அதை அடித்தால், முகமதிப்பில் கால் பங்குக்கும் குறைவாகவே உலோகம் இருக்கிறது. மிச்சம், கரியும் கூலியும் அச்சு வெட்டும் செலவும் நீங்கலாக, நகரத்தின் கருவூலத்துக்கு. தீர்மானம் குறிப்பிடும் மிஞ்சும் ஆதாயம் இதுதான்.

இவ்வளவு கொழுத்த விகிதத்தைக் கண்டதும், ஒரு நகரம் வெண்கலத்தை அடித்துக் குவித்தே பணக்கார நகரமாகிவிடலாமே என்று தோன்றும். எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஒரு தாலந்து வெள்ளி என்பது 6,000 திராக்மா, அதாவது 36,000 ஒபோல், அதாவது 2,88,000 கல்கூஸ். காசுக்கு 2 கிராம் என்றால் அவ்வளவையும் அடிக்க 576 கிலோ வெண்கலம் உருக்க வேண்டும்; ஒவ்வொரு வில்லையையும் வார்த்து, சூடாக்கி, இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துக் கையால் அடிக்க வேண்டும். அவ்வளவு காசும் எங்கே போய்ப் புழங்கும்? 2,000 குடும்பங்கள் கொண்ட ஒரு நகரத்தில், ஒவ்வொரு குடும்பமும் எப்போதும் இரண்டு திராக்மா அளவுக்குச் சில்லறை வைத்திருக்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். மொத்தத் தேவை 4,000 திராக்மா. ஒரு தாலந்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் அடிக்கும் ஒவ்வொரு காசும் வேண்டாத சில்லறையாகத் தேங்கி, வெள்ளியாக மாற்றித் தரும்படி நாணயமாற்றுக்காரரின் மேசைக்கு வந்து சேரும். மாற்று விகிதம் சரியும். சரியத் தொடங்கிய காசை யாரும் கையில் வைத்திருக்க விரும்பமாட்டார்கள்.

இந்த எண்கள் ஒரு மாதிரிக் கணக்கே; செஸ்தோஸின் குடும்பத் தொகையைக் கூறுபவை அல்ல. ஆனால் அவை காட்டும் அளவின் தன்மை முக்கியம். வெண்கலத்தின் இலாபம் விகிதத்தில் பெரியது, மொத்தத்தில் அடக்கமானது. ஒரு முறை பெரிதாகக் கிடைத்து, பிறகு தேய்ந்ததையும் தொலைந்ததையும் ஈடுசெய்யும் அளவுக்குச் சுருங்கிவிடுவது. துறைமுக நகரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு வழி உண்டு. காற்றுக்காகக் காத்துக் கிடக்கும் கப்பல்களின் மாலுமிகள் வெள்ளியைக் கொடுத்து ஊர்ச் சில்லறை வாங்கித்தான் சந்தைக்குள் போக முடியும் என்றால், ஒவ்வொரு கப்பலும் நகரத்துக்குக் கொஞ்சம் வெள்ளியை விட்டுச்செல்கிறது. மாலுமியின் பையோடு கடல் கடந்துபோன வெண்கலம் திரும்பி வந்து வெள்ளி கேட்பதில்லை. நீரிணையின் மேல் அமர்ந்த செஸ்தோஸுக்கு இது அற்பமான வாய்ப்பு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கட்டாயமும் நம்பிக்கையும்

உலோக மதிப்பில்லாத காசை மக்கள் ஏன் ஏற்க வேண்டும்? ஒரு வழி, சட்டத்தால் கட்டாயப்படுத்துவது. கிரீட் தீவின் கோர்த்தின் நகரத்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு மிகத் தெளிவான சான்று. முந்நூறு பேர் கூடியிருந்து வாக்களித்த அந்தத் தீர்மானம், நகரம் நிறுவிய வெண்கலக் காசையே பயன்படுத்த வேண்டும், வெள்ளி ஒபோல்களை ஏற்கக் கூடாது என்று ஆணையிடுகிறது. எவராவது வெள்ளி ஒபோலை ஏற்றாலும், வெண்கலத்தை ஏற்க மறுத்தாலும், காசுக்குப் பதில் தானியத்துக்கு விற்றாலும், தண்டம் ஐந்து வெள்ளி ஸ்தாத்தேர் என்னும் பெரிய காசுகள். முறையீடு இளைஞர் அவை முன் செய்யப்பட வேண்டும். அதிலிருந்து குலுக்கலில் வந்த எழுவர் சந்தையிலேயே சத்தியம் செய்து விசாரித்துப் பெரும்பான்மையால் தீர்ப்பளிப்பார்கள். வசூலான தண்டத்தில் பாதி வழக்கில் வென்றவருக்கு, பாதி நகரத்துக்கு.

இந்தச் சட்டத்தில் என் கவனத்தை இழுப்பது அந்த மூன்றாவது குற்றம். தானியத்துக்கு விற்பது என்பது, வெண்கலத்தை வெளிப்படையாக மறுக்கத் துணியாதவன் பண்டமாற்றுக்குள் ஒதுங்கிக்கொள்வது. சட்டம் இயற்றியவர்கள் தம் மக்களை நன்கு அறிந்திருந்தார்கள்; எந்த வழியாக நழுவுவார்கள் என்று முன்கூட்டியே கண்டு அந்த வாசலையும் அடைத்தார்கள். வெண்கலத்தை மறுத்ததற்கான தண்டத்தை வெள்ளியில் கேட்பதும் கவனிக்கத்தக்கது. தன் வெண்கலத்தின் மேல் அந்த நகரத்துக்கே இன்னும் முழு நம்பிக்கை பிறக்கவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

கருங்கடலின் வடகரையிலிருந்த ஓல்பியாவில், நான்காம் நூற்றாண்டுத் தீர்மானம் ஒன்று சற்று மென்மையான வழியை எடுத்தது. தங்கமும் வெள்ளியும் எங்கிருந்தும் வரலாம், எங்கும் போகலாம். ஆனால் நகரத்துக்குள் வாங்குவதும் விற்பதும் ஓல்பியாவின் வெண்கலத்திலும் வெள்ளியிலும்தான் நடக்க வேண்டும். மாற்றுவதற்கென்று குறித்த இடம் உண்டு. மீறினால் விற்றவனிடம் பொருளும் வாங்கியவனிடம் பணமும் பறிமுதல். செஸ்தோஸின் தீர்மானத்தில் இத்தகைய தண்டனை எதுவும் பேசப்படவில்லை. அது பாராட்டுரை, சட்டம் அன்று. ஆகையால் அந்த மௌனத்தை வைத்துக் கட்டாயமே இருக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. எனினும், காசு செல்லுபடியானதற்குக் காரணமாக அது கூறுவது இரண்டு மனிதர்களின் நேர்மையைத்தான். தண்டத்தின் அச்சத்தை அன்று.

நேர்மை இங்கே என்ன வேலை செய்கிறது என்பதை, ஏதெனியத் தளபதி திமொத்தேயோஸ் பற்றிய ஒரு நிகழ்ச்சி விளக்குகிறது. வட கிரேக்க நகரமான ஒலிந்தோஸுக்கு எதிரான போரில், கி.மு. 364 வாக்கில், வெள்ளி தீர்ந்துபோனதால் அவர் வெண்கலக் காசு அடித்து வீரர்களுக்குக் கொடுத்தார். வீரர்கள் முணுமுணுத்தார்கள். வணிகர்கள் எல்லாரும் இதற்கு முன்போலவே பொருள் தருவார்கள் என்று அவர்களிடம் சொன்னார். வணிகர்களிடம், கையில் வரும் வெண்கலத்தைக் கொண்டு நாட்டில் விற்பனைக்கு இருப்பதையும் போர்க்கொள்ளையில் வருவதையும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேலும் மிஞ்சினால் தன்னிடம் கொண்டுவந்து வெள்ளியாக மாற்றிக்கொள்ளலாம் என்று உறுதி தந்தார். அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பொருளியல் தொகுப்பில் வரும் இச்செய்தியில், நம்பிக்கைக் காசு இயங்குவதற்குத் தேவையான எல்லாமே அடங்கியிருக்கின்றன: அடித்தவர் கொடுக்கும்போது எந்த மதிப்பில் கொடுக்கிறாரோ அதே மதிப்பில் திரும்ப ஏற்க வேண்டும், அந்தக் காசால் வாங்கத்தக்க பொருள் சந்தையில் இருக்க வேண்டும், கடைசிப் புகலாக வெள்ளிக்கு மாற்றும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

அதே தொகுப்பில் வரும் கிளாசொமேனை நகரத்தின் கதை இன்னும் வியப்பானது. படைவீரருக்கு இருபது தாலந்து கடன்பட்டு, அதற்கு ஆண்டுதோறும் நான்கு தாலந்து வட்டி கட்டிக்கொண்டிருந்த அந்நகரம், இருபது தாலந்து முகமதிப்புக்கு இரும்பில் காசு அடித்தது. செல்வர்களிடம் அவரவர் வசதிக்கேற்ப அதைக் கொடுத்து, ஈடாக வெள்ளியைப் பெற்றுக் கடனை அடைத்தது. இரும்புக் காசு ஊருக்குள் அன்றாடப் புழக்கத்துக்கு உதவியது. பிறகு வருவாய் வரவர அதைப் படிப்படியாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. கடைசிப் படியைத் தவறாமல் நிறைவேற்றியதால்தான் இது அரசின் சாமர்த்தியமாகப் பதிவாகியிருக்கிறது. நிறைவேற்றாமல் விட்டிருந்தால் குடிமக்களை ஏமாற்றிய கதையாகியிருக்கும்.

நம்பிக்கை உடையக்கூடிய இடங்கள் பல. முதலாவது, கள்ளக்காசு. உலோக மதிப்புக்கும் முகமதிப்புக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும்போது, நகரத்துக்குக் கிடைக்கும் அதே ஆதாயம் கள்ள அச்சு வைத்திருப்பவனுக்கும் கிடைக்கிறது. தென் கிரேக்கத்தில் அகாயாவின் தீமே நகரம், கோயில் சொத்தைத் திருடி வெண்கலக் காசு அடித்த சிலருக்கு மரண தண்டனை விதித்து, அவர்கள் பெயர்களைக் கல்லில் வெட்டியது. கேவலம் செம்புக் காசுக்காக உயிரையா பறிப்பது என்று இன்றைய மனம் திடுக்கிடலாம். கோயில் திருட்டும் அதில் சேர்ந்திருந்தது என்பது ஒருபுறமிருக்க, கள்ள வெண்கலம் அந்த நகரத்தின் வாக்குறுதியையே திருடுவதாகும். இரண்டாவது, மாற்று மேசை. பெர்காமோனில் பிற்காலத்தில், ரோமப் பேரரசர் ஹத்ரியனின் நாளில், நகரத்திடமிருந்து மாற்று உரிமையைப் பெற்ற வங்கியர்கள் வணிகர்களிடம் தெனாரியுஸ் என்ற ரோம வெள்ளிக் காசு ஒன்றுக்கு அஸ்ஸாரியோன் என்ற வெண்கலச் சில்லறை பதினெட்டு வாங்கிக்கொண்டு, தாங்கள் மாற்றித் தரும்போது பதினேழு மட்டும் தந்தார்கள். அதற்கும் மேலாகச் சட்டத்துக்குப் புறம்பான வசூல்கள் நடந்ததாக எழுந்த முறையீட்டில் பேரரசரே தலையிட நேர்ந்தது. மூன்றாவது, மிகவும் கவர்ச்சியானது: நகரமே அளவுக்கு மேல் அடித்துவிடுவது. பஞ்சம் வாட்டும்போது, கருவூலம் காலியாக இருக்கும்போது, அச்சும் உலையும் கைவசம் இருக்கும்போது, இன்னும் ஓர் உலை உருக்கினால் என்ன என்ற ஆசையை அடக்குவதற்குச் சட்டத்தால் முடியாது. உலைக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதரால்தான் முடியும்.

மேனாஸ் செய்த பணி

இந்தப் பின்னணியில் செஸ்தோஸின் வரிகளை மறுபடி படித்தால், இரண்டு பேரை நியமித்தது ஏன் என்பது புலப்படுகிறது. எடை குறையாமல் பார்ப்பது, உலோகக் கலவையில் செம்பையும் வெள்ளீயத்தையும் விட்டு மலிவான காரீயத்தைக் கூட்டாமல் காப்பது, அச்சுகள் அக்கசாலையைவிட்டு வெளியே போகாமல் பூட்டிவைப்பது, உருக்கிய உலோகத்துக்கும் வெளிவந்த காசுக்கும் கணக்கு ஒப்புவிப்பது ஆகியவை இத்தகைய பொறுப்பில் யார் இருந்தாலும் செய்தாக வேண்டியவை. ஒருவரை மற்றவர் கண்காணிக்கும்படி கூட்டுப் பொறுப்பாக அலுவல்களைப் பிரித்துத் தருவது கிரேக்க நகரங்களின் பழைய வழக்கம். பக்தியோடும் நேர்மையோடும் என்று தீர்மானம் சேர்த்துச் சொல்வதையும் வெறும் அலங்காரம் என்று தள்ள முடியாது. தெய்வ உருவத்தைத் தாங்கிய காசு அது. அதில் செய்யும் வஞ்சம் தெய்வத்துக்கும் செய்வதாகும்.

பெருமையா, வருவாயா என்ற பழைய வாதம் இந்த இடத்தில் தன் கூர்மையை இழக்கிறது. நகரத்தின் முத்திரை நடப்பில் செல்ல வேண்டும் என்பதைத் தன்மான முழக்கமாக மட்டும் படிப்பவர்கள், செல்லுதல் என்பது சந்தையில் நடக்கும் செயல் என்பதை மறந்துவிடுகிறார்கள். காய்கறி விற்பவள் அந்த முத்திரையைப் பார்த்து, எடை போடாமல், உரசிப் பார்க்காமல், கையில் வாங்கிக்கொண்டால்தான் அது செல்கிறது. அவள் வாங்கினால்தான் கருவூலத்துக்கு ஆதாயம் வருகிறது. வருவாய் மட்டுமே நோக்கம் என்று படிப்பவர்களும், அந்த வருவாய் முழுவதும் முத்திரையின் நன்மதிப்பிலிருந்து எடுக்கப்படுவது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அத்தாலித் அரசு மறைந்து ரோமின் ஆட்சி இன்னும் முழுதாக ஊன்றாத அந்த இடைக்காலத்தில், செஸ்தோஸின் முத்திரைக்குப் பின்னால் பேரரசனோ பெரும்படையோ இல்லை. தன் குடிமக்கள் மத்தியில் அந்த நகரத்துக்கு இருந்த வாக்குச்சுத்தம் மட்டுமே அதற்குப் பிணையாக நின்றது.

அந்த வருவாய் எவ்வளவு என்பதற்குக் கல்வெட்டின் இறுதிப் பகுதியே மறைமுகமாக ஓர் அளவுகோல் தருகிறது. இரண்டாம் முறை உடற்பயிற்சிக்கூடத் தலைவராக இருந்தபோது மேனாஸ் தன் செலவில் வேள்விகள் நடத்தி, போட்டிகளுக்குப் பரிசாக ஆயுதங்கள் வழங்கியிருந்தார். நன்றியாக நகரம் அவருக்குப் பொன்முடியும், உடற்பயிற்சிக்கூடத்தில் வெண்கலச் சிலையும் அளிக்கத் தீர்மானித்தது. ஆனால் பொதுநிதி நெருக்கடியில் இருப்பதால், இந்த விஷயத்திலும் நகரத்துக்கு உதவ விரும்பி, சிலையைத் தன் சொந்தப் பணத்திலேயே நிறுவிக்கொள்ள மேனாஸ் முன்வந்தார் என்று அதே தீர்மானம் தொடர்ந்து பதிவு செய்கிறது. வெண்கலக் காசின் ஆதாயம் ஒரு சிலை வைக்கும் செலவைக்கூட நகரத்திடம் விட்டுவைக்கும் அளவுக்கு இருக்கவில்லை. வாரிக் குவிக்கும் வாய்ப்பு உலையருகிலேயே இருந்தும் அந்த இருவர் அதைப் பயன்படுத்தவில்லை என்பதற்கு இதைவிட நம்பத்தகுந்த சான்று கிடைக்காது. அதனால்தான் தீர்மானம் எழுதப்பட்ட நாளில், மக்கள் தம் சொந்தக் காசைப் பயன்படுத்திவருகிறார்கள் என்று நிகழ்காலத்தில் எழுத செஸ்தோஸுக்கு முடிந்தது.